ஹாட் டப்புக்கு குளோரினா, புரோமினா? 17 ஆயிரம் பேரை வெளியேற்றிய மாத்திரையின் பின்னணி

2024 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் உள்ள கான்யர்ஸ் நகரில் 'பயோலேப்' நிறுவனத்தின் ஆலையில் தீப்பிடித்தது. நாள் முழுக்க வானத்தில் பல நிறங்களில் புகை. சுமார் 17 ஆயிரம் பேர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 90 ஆயிரம் பேர் ஜன்னல், கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்கச் சொல்லப்பட்டனர். தேசிய நெடுஞ்சாலையே மூடப்பட்டது.

அந்தக் கிடங்கில் இருந்தது வெடிமருந்து அல்ல. நீச்சல் குளத்திலும் வீட்டு ஹாட் டப்பிலும் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கப் போடும் குளோரின், புரோமின் மாத்திரைகளுக்கான ரசாயனங்கள்!

அமெரிக்காவில் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஹாட் டப் சாதாரண விஷயம். கடையில் போய் நின்றால் 'குளோரினா, புரோமினா, உப்பு சிஸ்டமா, ஓசோனா' என்று வரிசையாக டப்பாக்கள். விலையைப் பார்த்து ஒன்றை எடுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கொதிக்க வைத்த தண்ணீர்தானே, கிருமி எங்கிருந்து வரும்?

ஹாட் டப் தண்ணீர் கொதிப்பதில்லை. அதிகபட்சம் 40 டிகிரி செல்சியஸ்தான். 'லெஜியோனெல்லா' என்ற பாக்டீரியா செழித்து வளர்வதற்கு இதைவிட வசதியான சூடு கிடையாது. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டியதில்லை. குமிழி கிளப்பும்போது காற்றில் கலக்கும் நுண்ணிய திவலைகளைச் சுவாசித்தாலே போதும், நுரையீரலைத் தாக்கும் நிமோனியா வந்துவிடும்.

1999-ல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் நகரில் நடந்த மலர் கண்காட்சியில், விற்பனைக்காக ஓடவிட்டிருந்த ஹாட் டப் ஒன்றிலிருந்து இந்தக் கிருமி பரவி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த பொருட்காட்சியிலும் இதே கதை. 130-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், 4 பேர் இறந்தனர். ஹாட் டப் கடைகள் பக்கமாக நடந்துபோனவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்று விசாரணையில் தெரிந்தது. தண்ணீரில் காலை நனைக்காமலேயே நோய் வந்திருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அளவு என்ன?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் கணக்கு இது. ஹாட் டப்பில் குளோரின் குறைந்தது 3 பிபிஎம் இருக்க வேண்டும். புரோமின் என்றால் 4 முதல் 8 பிபிஎம். சாதாரண நீச்சல் குளத்துக்கு 1 பிபிஎம் குளோரினே போதும் என்கிறது அதே மையம். சின்னத் தொட்டிக்கு ஏன் மூன்று மடங்கு? 1,500 லிட்டர் தண்ணீரில் நான்கு பேர் உட்கார்ந்தால் வியர்வை, எண்ணெய், க்ரீம் எல்லாம் அந்தக் கொஞ்சம் தண்ணீரில்தான் சேரும். சூடும் குமிழியும் மருந்தை வேகமாகத் தீர்த்துவிடும்.

கடைக்காரர் சொல்லாத ஒரு கணக்கு

ஹாட் டப்புக்கு அதிகம் விற்பது 'டைகுளோர்' என்ற தூள். 1,500 லிட்டருக்கு 3 பிபிஎம் வேண்டுமென்றால் சுமார் 8 கிராம் போதும். சுலபமாகக் கரையும், பயன்படுத்தவும் எளிது. ஆனால் குளோரினோடு சேர்த்து 'சயனூரிக் அமிலம்' என்ற இன்னொரு பொருளையும் அது தண்ணீரில் விட்டுச்செல்கிறது. திறந்தவெளி நீச்சல் குளத்தில் வெயிலால் குளோரின் சிதைந்துபோகாமல் காப்பது இதன் வேலை. ஹாட் டப்புக்கோ மூடி உண்டு, வெயில் பிரச்சினையே இல்லை. அங்கே இது குளோரினின் கையைக் கட்டிப்போடும் வேலையைத்தான் செய்கிறது.

தினமும் ஒருமுறை 8 கிராம் போட்டால் இரண்டே வாரத்தில் சயனூரிக் அமிலம் 35 பிபிஎம்-ஐத் தாண்டிவிடும். குளோரின் ஆவியாகிவிடும், இது போகாது. தண்ணீரை மாற்றினால்தான் உண்டு. டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் குளோரின் அளவு சரியாகவே காட்டும், கிருமியோ சாவகாசமாக உயிரோடு இருக்கும். அதனால்தான் இந்த அமிலம் கலந்த குளோரினை ஹாட் டப்பில் போட வேண்டாம் என்கிறது சிடிசி. விற்பனை மட்டும் நின்றபாடில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த 'டிரைகுளோர்' மாத்திரையை ஹாட் டப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அமிலத்தன்மை மிக அதிகம். தொட்டியின் அடியில் கிடந்தால் அந்த இடத்தையே அரித்துவிடும்.

சயனூரிக் தொல்லை இல்லாதது, சாதாரண திரவ குளோரின். வாசனை சேர்க்காத ப்ளீச்தான் அது. 6 சதவீத ப்ளீச் என்றால் 75 மில்லி போதும். மலிவும்கூட. ஆனால் அளந்து, அடிக்கடி ஊற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

அப்போ புரோமின்?

குமிழி ஓடும் தண்ணீரில் பி.எச். தானாகவே ஏறிக்கொண்டே போகும். பி.எச். 8-ஐத் தொட்டால் குளோரினில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். புரோமினில் அதே பி.எச்.-ல் 80 சதவீதம் வேலை செய்துகொண்டிருக்கும். சுடுதண்ணீருக்கு புரோமின் ஏற்றது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். மூக்கைத் துளைக்கும் நெடியும் குறைவு.

குறைகளும் உண்டு. விலை அதிகம். வெயில் பட்டால் சீக்கிரம் போய்விடும். 'குளோரின் எனக்கு ஒத்துக்காது' என்று புரோமினுக்கு மாறுபவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. பரவலாக விற்கும் புரோமின் மாத்திரைகளில் குளோரினும் சேர்ந்தேதான் இருக்கிறது. ஒருமுறை மாறிவிட்டால் மறுபடி குளோரினுக்குத் திரும்ப, தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

உப்பு சிஸ்டம் 'கெமிக்கல் ஃப்ரீ' என்பது விளம்பர வார்த்தை. உப்பிலிருந்து மின்சாரம் மூலம் உருவாவதும் அதே குளோரின்தான். ஓசோன், யு.வி. கருவிகள் தங்களைக் கடந்துபோகும் தண்ணீரை மட்டும்தான் சுத்தம் செய்யும். தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதுகாப்பாக எதுவும் மிஞ்சாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்ப முடியாது.

கான்யர்ஸ் சொல்லும் விஷயம்

தண்ணீரில் போடுவதற்காகவே செய்த பொருள் தண்ணீர் பட்டு எப்படி எரியும்? நிறைய தண்ணீரில் கொஞ்சம் மருந்து போட்டால் கரைந்துவிடும். மருந்துக் குவியல் மேல் கொஞ்சம் தண்ணீர் பட்டால் சூடேறி, நச்சு வாயு கிளம்பி, தீப்பிடிக்கும் வரை போகும். 2020-ல் லாரா புயலின்போது லூசியானாவில் இதே நிறுவனத்தின் ஆலையில் கூரை பிய்ந்து, மழைநீர் புகுந்து நடந்ததும் இதுதான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் குளோரின் மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்து விலை எகிறியது.

வீட்டிலும் இதே ஆபத்து சின்ன அளவில் இருக்கிறது. நீச்சல் குள ரசாயனங்களால் காயமடைந்து அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 4,500 முறை மக்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். பூட்டிய டப்பாவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் வாயு, பூசிய தூள், கலக்கக் கூடாததைக் கலந்தது என்று காரணங்கள் நீளும்.

நம்ம ஊரில் வீட்டு ஹாட் டப் அபூர்வம். ஆனால் கிணற்றுக்கும் சம்ப்புக்கும் போடும் ப்ளீச்சிங் பவுடர் எல்லாருக்கும் தெரிந்ததுதானே! அந்தப் பவுடர் அள்ளிய கரண்டியை அப்படியே டிரைகுளோர் டப்பாவுக்குள் விட்டால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும். இரண்டும் 'குளோரின்' என்ற ஒரே பெயரில் விற்பதால் வரும் ஆபத்து இது. குளம் பராமரிக்கும் அபார்ட்மென்ட்களும் ரிசார்ட்களும் இவற்றைத் தனித்தனி அலமாரியில், தனித்தனி கரண்டியோடு வைத்திருக்க வேண்டும். ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பதையும் ஊழியர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

விடுமுறைக்குப் போன இடத்தில் ஹாட் டப்பைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். கடைசியாக எப்போது அளவு பார்த்தார்கள் என்று ஊழியரிடம் கேட்கலாம். பையில் டெஸ்ட் ஸ்ட்ரிப் இருந்தால் சில நொடி வேலை. குளோரின் நெடி கண்ணை எரித்தால் 'நல்லா மருந்து போட்டிருக்காங்க' என்று நினைக்க வேண்டாம். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் தீர்ந்துகொண்டிருக்கும்போது கிளம்பும் நெடி அது. தொட்டியின் உள்சுவரைக் கையால் தடவிப் பார்த்தால் பிசுபிசுவென வழுக்குகிறதா? கிருமிகள் ஏற்கனவே அங்கே படலம் கட்டிவிட்டன, இறங்காமல் திரும்பிவிடலாம்.