இல்லாத காலின் வலி

பரளச்சிப் பக்கத்துக் கரிசலில் சீமைக்கருவேல முள் ஏறாத பாதம் இல்லை. சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்தில் ஏறினால் அது தெரிவதேயில்லை. புண் கண்ணில் படும்போது அழுகல் எலும்பைத் தொட்டிருக்கும். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் 2009இல் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் சொன்னார்: "கட்டைவிரல் காந்துதுப்பா. யாராவது அமுக்கிவிடுங்க." அமுக்குவதற்கு அங்கே போர்வைதான் இருந்தது. எண்பது கடந்த அப்பத்தா, எடுத்த காலை எங்கே புதைத்தார்கள், எறும்பு அரிக்கிறதோ என்று விசாரித்தாள். மருத்துவமனையிலோ, மனப்பிரமை, போகப்போகச் சரியாகும் என்றார்கள். பெரியப்பா அதன்பின் ஏழாண்டு இருந்தார். வலியும் இருந்தது. பைத்தியம் என்பார்களோ என்று, அதைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

பிரமை என்ற மருத்துவரைவிட எறும்பைத் தேடிய அப்பத்தாவே எனக்கு உண்மைக்கு அருகில் நின்றதாகத் தோன்றுகிறது. வலி இருக்கிறது என்பதை அவள் ஐயுறவில்லை.

சிலப்பதிகாரக் கட்டுரைக் காதையை நடத்தும்போதெல்லாம் பொற்கைப் பாண்டியனிடம் சற்றுத் தயங்கி நிற்கிறேன். கீரந்தை வீட்டுக் கதவைத் தட்டிய கையைத் தானே துணித்துக்கொண்ட மன்னனின் நீதியைப் பேசுகிறோம், பொற்கையைப் பேசுகிறோம். அந்த வெட்டுவாய்க்கு அப்பால் இரவில் என்ன நேர்ந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தோருக்கு மருத்துவம் பார்த்த சைலஸ் வெய்ர் மிட்செல், இவ்வனுபவத்தை 1866இல் முதலில் பெயரின்றி ஒரு சிறுகதையாகத்தான் வெளியிட்டார். 'மாய உறுப்பு' என்று அதற்குப் பெயர் சூட்டியது 1871இல். மருத்துவம் சொல்லக் கூசியதைப் புனைவு முந்திச் சொல்லிவிட்டது.

உறுப்பிழந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இவ்வலி வருகிறது. வெட்டுண்ட நரம்பு வாளாவிருப்பதில்லை. தண்டுவடத்தை நோக்கி ஓயாது குறிகளை அனுப்பி, அங்குள்ள செல்களை மிகைக்கூர்மை கொள்ளச் செய்கிறது. முதுகுத்தண்டுப் பகுதியிலோ, காலுக்குச் செல்லும் நரம்பின் அருகிலோ மெல்லிய குழாய் பொருத்தி, மரத்துப்போகும் மருந்தை அறுவைக்கு முன்பிருந்து சில நாள்கள் செலுத்தினால் அக்கூச்சலைத் தடுக்கலாம் என்பது நரம்புத் தடையின் கருத்து. 1988இல் 25 பேரிடம் செய்த ஆய்வு பெரும் நம்பிக்கை தந்தது. 1997இல் 60 பேரிடம் இன்னும் கண்டிப்பாக நடத்திய ஆய்வு அந்நம்பிக்கையைக் குலைத்தது: பிற்கால வலியைத் தடுக்க முடியவில்லை. ஆயினும் 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே மாயவலி கொண்டவர்களுக்கு ஆறு நாள்கள் நரம்பருகே மருந்து செலுத்தியபோது, நான்கு வாரம் கழித்தும் வலி குறைந்தே இருந்தது.

வழக்கு முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுவையை அடுத்த நாள்களின் கடும் வலியை நரம்புத் தடை தணிக்கிறது என்பதில் ஐயமில்லை. அதற்காகவேனும், உடல்நிலை இடங்கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதைத் தர முயலவேண்டும் என்பேன். பிற்கால நன்மை உறுதிப்படட்டும் என்று காத்திருப்பது வலிக்காதவர்களுக்கு எளிது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிஃபோர்னியாவில் செய்துகாட்டிய கண்ணாடிச் சிகிச்சையும் இங்கே நினைக்கத்தக்கது. இருக்கும் காலின் பிம்பத்தை இழந்த காலின் இடத்தில் காணச் செய்வது அது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, சிலருக்குப் பலிக்கிறது. செலவு ஒரு நிலைக்கண்ணாடி. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தின்கீழ் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே வருகிறார்கள். அவர்கள் பையில் அதற்கும் இடமிருக்கும்.

பெரியப்பாவின் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டவன் நான்தான். இரண்டு கேள்விகளை அன்று கேட்டிருக்கவேண்டும்: நரம்புத் தடை தருவீர்களா? எடுத்த கால் வலிக்கக்கூடும் என்று அவரிடம் இப்போதே சொல்வீர்களா? முதலாவதற்கு மயக்க மருத்துவரும் கருவியும் வேண்டும். இரண்டாவதற்கு ஐந்து நிமிடம் போதும்.