பை பார்த்துக்கிட்ட ஆச்சிக்கும் முழு டிக்கெட்டா?

முதல்லயே சொல்லிர்றேன் மக்கா. 'குடும்பத்தோட ஜாலியா ஒரு நாள்' வகையறா பதிவு இல்லை இது. ஃபோட்டோவும் கிடையாது. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் கடுப்பு, அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான். நம்ம ஊர் தீம் பார்க்குகள் குடும்பத்தைக் காட்டி விளம்பரம் பண்ணுது, குடும்பத்துக்கு டிக்கெட் விக்குது. ஆனா உள்ளே இருக்கிற ஏற்பாடு முழுக்க காலேஜ் பசங்களுக்கு. மிச்சப் பேர் காசு கொடுத்து உள்ளே போய் பைக்குக் காவல் இருக்காங்க. இதை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. அதான் நான் கேக்கறேன்.

பேச்சு காத்துல போகாம இருக்க, எங்க வீட்டுக் கணக்கையே வைக்கறேன். மே மாச லீவுக்குத் திருநெல்வேலியிலேருந்து எல்லாரும் சென்னை வந்திருந்தாங்க. எங்க கூட்டத்துக்கே தீம் பார்க் அதுதான் முதல் தடவை. ஒரு டெம்போ டிராவலர், பதினேழு உருப்படி. ஆச்சி, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், மதினி, அவங்க ரெண்டு பிள்ளைங்க, நான், தங்கமணி, எங்க ரெண்டு வாண்டுங்க, அஞ்சு மாசம் முழுகாம இருக்கிற தங்கச்சி, மாப்ள, அவங்க ரெண்டு வயசு கைக்குழந்தை, அப்புறம் சித்தப்பாவோட காலேஜ் பசங்க ரெண்டு பேர். பார்க் பேரைச் சொல்லப் போறதில்லை. பேர் சொன்னா சண்டை அந்த ஒரு பார்க்கோட முடிஞ்சிரும். நான் சொல்ற வியாதி ஒரு இடத்து வியாதி இல்லை.

கைக்குழந்தைக்கு இலவசம். பாக்கி பதினாறு டிக்கெட். "ஆச்சி எதுலயும் ஏற மாட்டாங்கம்மா, எழுபத்தாறு வயசு, முட்டி தேஞ்சு போச்சு"ன்னு கவுன்டர்ல சொன்னேன். "உள்ளே வந்தா டிக்கெட் சார். சீனியர் சிட்டிசன் சலுகை லீவு நாள்ல செல்லாது." அந்தப் பொண்ணு மேலே தப்பில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுது.

சாயங்காலம் வண்டியில திரும்பும்போது பிள்ளைங்களை விட்டு ஒரு கணக்கெடுக்கச் சொன்னேன். யார் யார் எத்தனை ரைடு ஏறினாங்க?

காலேஜ் பசங்க ஆளுக்கு 14. சரி, கொடுத்த காசுக்கு வசூல் பண்ணிட்டானுங்க. தங்கமணி 3. மதினி 2. அம்மா, பெரியப்பா, பெரியம்மா ஆளுக்கு ஒண்ணு, அதுவும் பார்க்கைச் சுத்தி வர்ற பொம்மை ரயில். தங்கச்சி 0. ஆச்சி 0. ஆச்சிக்கு ரயில்ல உக்கார ஆசைதான். படி உயரமா இருந்துச்சு, பிடிச்சு ஏறக் கம்பி இல்லை. "நீங்க போயிட்டு வாங்கல, நான் பையப் பாத்துக்கிடுதேன்"னுட்டாங்க.

ஆக ஏழு பேருக்கு ஏழு முழு டிக்கெட், மொத்தம் எட்டு ரைடு. இந்த ஏழு பேரும் யாருன்னு பாருங்க. வயசானவங்க, பிள்ளைத்தாச்சி, பிள்ளையைப் பாத்துக்கிற அம்மாக்கள். இது தற்செயல் இல்லை மக்கா. நீங்க போன தடவை போனதையும் இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வரும்.

இந்த ஏழு பேரும் சும்மாவா இருந்தாங்க? ரைடுல போன் கொண்டு போகக் கூடாது, செருப்பு கூடாது, கண்ணாடி கூடாது. தண்ணி விளையாட்டுக்கு நைலான் டிரெஸ்தான் போடணும், அது இல்லைன்னா வாடகைக்கு எடுக்கணும். லாக்கருக்குத் தனிக் காசு, அதிலும் பதினேழு பேர் மூட்டை அடங்காது. அப்ப எல்லாம் எங்கே போகும்? சிமெண்டுல கட்டின மஞ்சள் காளான் குடை ஒண்ணு, அதுக்குக் கீழே பெரியப்பா மடியில ஏழு போன். எது அடிக்குது, யாரோடதுன்னு தெரியாம மனுஷன் ஒவ்வொண்ணா எடுத்துக் காதுல வச்சிட்டிருந்தார். பார்க்காரன் செய்ய வேண்டிய க்ளோக் ரூம் வேலையை எங்க பெரியப்பா செய்றார். அதுக்கு அவர்தான் பார்க்காரனுக்குக் காசு கொடுத்திருக்கார். உலகத்துலயே சம்பளம் கொடுத்துட்டு வாட்ச்மேன் வேலை பார்க்கிற ஆள் தீம் பார்க் போன நம்ம வீட்டுப் பெரியவர்தான் :-)

வரிக் கூத்து இன்னொண்ணு. ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையில இந்த மாதிரி பார்க்குகளுக்கு 28 சதவீதம் போட்டாங்க. 2018 ஜனவரியில 18 ஆக்கினாங்க. வரி எதுக்குன்னா, உள்ளே நுழையறதுக்கு. ஆச்சி காளான் நிழல்ல உக்கார்ந்ததுக்கும் சேர்த்துத்தான் வரி.

இனி சோத்து விஷயம். இதுலதான் எனக்கு நெஜமாவே கோவம்.

விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு மதினியும் அம்மாவும் புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு பொரியல்னு கட்டி எடுத்துட்டு வந்தாங்க. கேட்ல தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, வெளிச் சாப்பாடு அனுமதி இல்லைன்னு வண்டிக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. ஆச்சிக்குச் சுகர். பன்னிரண்டரைக்கு மாத்திரை, உடனே சாப்பாடு. மாத்திரையை நேரத்துக்குப் போட்டாங்க. சாப்பாட்டுக்குத்தான் டோக்கன் வரிசை, அப்புறம் தட்டு வரிசை. ஒண்ணேகால் மணிக்கு ஆச்சிக்கு வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. கைக்குழந்தை பையில செக்கிங்கிலேருந்து தப்பிச்ச கடலை மிட்டாய் ரெண்டு இருந்துச்சு. மதினி அதைத்தான் வாயில போட்டு விட்டாங்க. பத்து நிமிஷத்துல தேவலையாச்சு. அந்த மிட்டாயும் சிக்கியிருந்தா? நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

'சுப்ரீம் கோர்ட்டே தடை போடலாம்னு சொல்லிருச்சே'ன்னு ஒரு அறிவாளி வருவார். வாங்க சார். 2023 ஜனவரி 3 அன்னைக்கு வந்த தீர்ப்பு சினிமா தியேட்டரைப் பத்தினது. வெளித் தின்பண்டத்தைத் தியேட்டர்காரர் தடுக்கலாம்னு சொன்னாங்க. சீட்டுல ஜிலேபிக் கையைத் துடைச்சா யார் சுத்தம் பண்றதுன்னு அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் கேட்டார். நல்ல கேள்வி. ஆனா அதே தீர்ப்புல குடிதண்ணி இலவசமாக் கொடுக்கணும், கைக்குழந்தைக்குப் பெத்தவங்க கொண்டு வர்ற உணவை அனுமதிக்கணும்னும் இருக்கு. அதை மட்டும் யாரும் போர்டுல எழுதி வைக்க மாட்டாங்க.

சினிமா மூணு மணி நேரம். ஆச்சி வெளியே வந்து மாத்திரை போட்டுட்டு உடனே சாப்பிட்டுக்கலாம். பார்க்குல காலையில பத்து மணிக்கு உள்ளே போனா சாயங்காலம் ஆறு. நடுவுல ஒரு வேளைச் சோறு கட்டாயம் வருது. அதை ஒரே கடைக்காரன்கிட்ட, அவன் சொன்ன விலைக்கு, அவன் வரிசையில நின்னுதான் சாப்பிடணும்னா, அதுக்குப் பேர் ஹோட்டல் இல்லை, மெஸ் கட்டாயம். குப்பை போடுவாங்கன்னு பயமா? கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ஷெட் போடுங்க, நாலு குழாய் வைங்க, 'வீட்டுச் சாப்பாடு இங்கே மட்டும்'னு போர்டு மாட்டுங்க. கையில முத்திரை குத்தி மறுபடி உள்ளே விடுங்க. தீம் பார்க்குக்கெல்லாம் தாத்தாவான கலிபோர்னியா டிஸ்னிலேண்டுலயே சொந்த உபயோகத்துக்கு உணவு கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடு பண்ற மாதிரி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டிஸ்னின்னதும் ஞாபகம் வருது. வால்ட் டிஸ்னிக்கு இந்த யோசனை எங்கே வந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பார்க்குக்கு ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போவார். பிள்ளைங்க குதிரை ராட்டினம் சுத்தும், இவர் பெஞ்சுல உக்கார்ந்து கடலை தின்னுட்டிருப்பார். பெத்தவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து சந்தோஷமா இருக்க ஒரு இடம் இருந்தா என்னன்னு அப்ப தோணுச்சாம். 1955 ஜூலை 17, டிஸ்னிலேண்ட் திறந்தாச்சு. அந்த ராட்டினத்துப் பக்கத்துப் பெஞ்ச் ஒண்ணை உள்ளேயே காட்சிக்கு வச்சிருக்காங்க. அதாவது தீம் பார்க் பொறந்ததே 'நான் மட்டும் ஏன் சும்மா உக்கார்ந்திருக்கணும்'ங்கிற கேள்வியில. எழுபது வருஷம் கழிச்சு நாம அந்தப் பெஞ்சுக்கே டிக்கெட் போட்டு வச்சிருக்கோம்!

அந்த டிஸ்னிலேண்டுலயே திறந்த புதுசுல பெரியவங்களுக்கு நுழைவு ஒரு டாலர். ரைடுக்குத் தனிக் காசு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்னு முழுசா மாறினது 1982-ல. இன்னைக்கு அங்கேயும் சும்மா உக்கார்றவங்களுக்குச் சலுகை கிடையாது, அதையும் சொல்லிர்றேன். ஆனா 1843-லேருந்து நடக்கிற கோபன்ஹேகன் டிவோலியில நுழைவு தனி, ரைடு தனி. அமெரிக்காவுல பென்சில்வேனியா நோபல்ஸ் பார்க்குல நுழைவே இலவசம், ஏறினதுக்கு மட்டும் காசு. ரெண்டும் இன்னும் இழுத்து மூடலை.

அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? நம்ம நெல்லைப் பொருட்காட்சி, சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி எப்படி? நுழைவுக்குச் சின்னக் காசு. ராட்டினத்துல ஏறினவன் ராட்டினத்துக்குக் கொடுக்கறான். ஆச்சி டெல்லி அப்பளம் வாங்கித் தின்னுட்டு, பேரன் மேலேருந்து கத்தறதைப் பார்த்துச் சிரிச்சிட்டு வந்தாங்க. அவங்களுக்கும் அது திருவிழாதான். இந்தக் கணக்கு நமக்குப் புதுசில்லை, கான்க்ரீட் காம்பவுண்ட் போட்டதும் மறந்து போச்சு.

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துரலாம்.

'ஏறாதவங்களை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? வீட்ல விட்டுட்டுப் போங்க.' ரொம்ப நல்லது சார். அப்ப விளம்பரத்துல பாட்டியை எதுக்கு நிக்க வச்சு ஃபோட்டோ எடுத்தீங்க? வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ஒண்ணு கூடற வீட்ல, பேரன் பேத்தி சிரிக்கிறதைப் பார்க்கத்தான் பெரியவங்க வர்றாங்க.

'உக்கார்றவங்களுக்கும் கக்கூஸ், நிழல், செக்யூரிட்டி செலவு இருக்கே.' இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்கு நியாயமா ஒரு நுழைவுக் கட்டணம் வாங்கிக்கோங்க. ரோலர் கோஸ்டருக்கான கரண்டு பில்லை ஆச்சி தலையில கட்டாதீங்க.

'பார்வையாளர் டிக்கெட் வாங்கிட்டு எல்லாரும் திருட்டுத்தனமா ஏறிருவாங்க.' இதுதான் பெரிய காமெடி. கூடக் காசு கொடுத்தா வரிசையில நிக்காம முன்னாடி போற டிக்கெட்டைப் பல பார்க்குகள் விக்குது. ஒவ்வொரு ரைடு வாசல்லயும் யார் கூடக் கொடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கத் தெரியுது. யார் கம்மியாக் கொடுத்தாங்கன்னு மட்டும் கண்டுபிடிக்க முடியாதா? கையில கட்டற பட்டைக்குக் கலரை மாத்தினா முடிஞ்சுது.

உயரம் அளக்கிற கோல், இதய நோய்க்காரங்க ஏறக் கூடாதுங்கிற போர்டு, இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். உயிர் விஷயம், கறாரா இருக்கணும். பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு, 'ஏறாதீங்க'ன்னு சொன்னது ரொம்பச் சரி. ஆனா ஏறாதேன்னு போர்டு வைக்கிறதும் நீங்க, ஏறினதாக் கணக்குப் பண்ணி வாங்கறதும் நீங்கன்னா, எந்த ஊர் நியாயம் இது?

நான் கேக்கறது நாலே நாலு. ஏறாதவங்களுக்குத் தனி நுழைவு டிக்கெட். வீட்டுச் சோத்துக்கு ஒரு ஷெட். ரைடு தெரியற இடத்துல, நிழல்ல, முதுகு சாயற பெஞ்சு. நாலாவது, டிஸ்னி பார்க்குகள்ல இருக்கிற மாதிரி முறை மாத்தி ஏறற வசதி. அப்பா ஏறும்போது அம்மா பிள்ளையோட வெளியே நிப்பாங்க. அப்பா வந்ததும் அம்மா மறுபடி முழு வரிசை நிக்காம ஏறிக்கலாம். இது மட்டும் இருந்திருந்தா தங்கமணியோட கணக்கு மூணுல நின்னிருக்காது. இதுல எதுக்குங்க கோடிக்கணக்குல முதலீடு வேணும்?

அவங்களாத் தர மாட்டாங்க. நாம கேக்காம வாங்கிட்டு வர்றவரைக்கும் எதுக்குத் தரணும்? அடுத்த தடவை டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க நம்பருக்கு ஒரு போன் போடுங்க. 'எங்க வீட்ல அஞ்சு பேர் சும்மா உக்காரத்தான் வர்றாங்க, அதுக்கு எவ்வளவு?'ன்னு கேளுங்க. முழு டிக்கெட்தான்னு சொன்னா, 'அப்ப வரலை'ன்னு சொல்லி வைங்க. ஒரு நாளைக்கு அம்பது பேர் இப்படிச் சொன்னா, அடுத்த மே மாசத்துக்குள்ள புதுக் கலர்ல பட்டை அச்சடிச்சு வந்துரும். பாருங்களேன்.