சொட்டுகிற வால்வை அடைக்காதீங்க: உப்புத் தண்ணி ஊரில் ஹீட்டர் பராமரிப்பு

அமெரிக்காவிலும் கனடாவிலும் கேரவன் வண்டி வைத்திருப்பவர்கள், குளிர்காலம் தொடங்குவதற்குள் வண்டியில் உள்ள வாட்டர் ஹீட்டரையும் குழாய்களையும் சுத்தமாக வடித்துவிடுவார்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்தால் குழாயும் தொட்டியும் பிளந்துவிடும்.

திண்டுக்கல் மாவட்டம் எரியோட்டில் அந்தப் பயம் கிடையாது. உறைபனியைப் பார்க்க இதே மாவட்டத்தின் கொடைக்கானலுக்குத்தான் ஏற வேண்டும். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஹீட்டரை வடித்துக் கழுவும் பழக்கம் எரியோட்டுக்கும் அவசியம். இங்கே ஹீட்டரைக் கெடுப்பது தண்ணீரில் உள்ள உப்பு.

பருப்பு வேகாத தண்ணீர்

திண்டுக்கல் சமவெளியில் நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் ஊறி வருகிறது. மாவட்டத்தின் கரிக்காலியில் சுண்ணாம்புக்கல் வெட்டி சிமென்ட் தயாரிக்கும் அளவுக்கு மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர், குளிக்கவும் துவைக்கவும் போர்த் தண்ணீர் என்று பிரித்துப் புழங்கும் வீடுகளில், மாடித் தொட்டி வழியாக ஹீட்டருக்குப் போவது போர்த் தண்ணீர்தான்.

‘சோப்பு நுரைக்கல, பருப்பு வேகல’ என்றால் அது கடினநீர். வாயில் கரிக்காவிட்டாலும் அதில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கிறது.

இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து, சூடு எங்கே அதிகமோ அங்கே, அதாவது ஹீட்டரின் சுருளில், போய் ஒட்டும். சுண்ணாம்பு ஓடு போர்த்திய சுருள் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே காய்ந்து வெடிக்கும். உதிர்ந்த தூள் தொட்டியின் அடியில் சேரும். ஷவர் துளையை அடைக்கும். கடைசியில் பாதுகாப்பு வால்விலும் போய்ச் சிக்கும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வால்வு ஏன் சொட்டுகிறது?

15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் இருந்து 75 டிகிரிக்குச் சூடானால் சுமார் 340 மில்லி கூடும். உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போகாதபடி தடுப்பு இருப்பதால், கூடியது வெளியேற பாதுகாப்பு வால்வு ஒன்றே வழி. ஆகவே சூடாகும் நேரத்தில் நாலு சொட்டு விழுவது கோளாறு இல்லை. வால்வு தன் வேலையைச் செய்கிறது.

ஹீட்டர் ஆறிக் கிடக்கும்போதும் விடாமல் சொட்டினால், வால்வில் தூள் சிக்கியிருக்கலாம். நெம்புகோல் இருந்தால் அதைத் தூக்கித் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கலாம். அப்படியும் நிற்காவிட்டால் வால்வை மாற்ற வேண்டும்.

‘சுவரெல்லாம் ஈரமாகுது, ஒரு மூடி போட்டு விடுங்க’ என்று பிளம்பரிடம் சொல்வதுதான் பெரிய தவறு. மூடியோ எம்சீலோ வைத்து அடைத்த பிறகு ஒருநாள் தெர்மோஸ்டாட்டும் பழுதாகி, மின்சாரத்தைத் துண்டிக்காமல் விட்டால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தில் அடைபட்டே கிடக்கும். தொட்டி விட்டுக்கொடுக்கும் நொடியில் அது நீராவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். குளியலறை அதைத் தாங்காது.

ஐப்பசிக்கு முன் அரைநாள்

ஆயுத பூஜைக்கு அரிவாள்மனையில் இருந்து டூவீலர் வரை கழுவிப் பொட்டு வைக்கிறோம். ஐப்பசி அடைமழைக்குச் சற்று முன்னால் வரும் அந்த நாள்களே ஹீட்டருக்கும் சரியான நேரம்.

முதலில் மெயின் பெட்டியில் ஹீட்டருக்கான எம்.சி.பி.யை இறக்க வேண்டும். சுவர் சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீர் ஆறிய பிறகு, உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, அடியில் உள்ள வடிகாலைத் திறக்க வேண்டும். கலங்கல் தெளியும் வரை இரண்டு மூன்று முறை நிரப்பி வடிக்கலாம்.

சுருளைக் கழற்றும் வேலை எலக்ட்ரீஷியனுடையது. படிந்த சுண்ணாம்பை வினிகர் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து எடுக்கலாம். கழிப்பறை ஆசிட் கூடவே கூடாது. அது உலோகத்தையும் அரிக்கும்.

அப்போதே ‘ஆனோட்’ எனப்படும் மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தொட்டியின் இரும்பு அரிக்காமல் இருக்க, தான் முதலில் கரைந்து போவதற்காகவே வைத்த கம்பி அது. குச்சியாக மெலிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடித்தால் தொட்டியே ஓட்டை விழும்.

திரும்ப நிரப்பும்போது, வெந்நீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக வந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். காலித் தொட்டியில் சுவிட்ச் போட்டால் சுருள் அப்போதே கருகும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் சுண்ணாம்பு வேகமாகப் படியும். ஆர்.சி.சி.பி. கருவியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். வெந்நீர்க் குழாய் சி.பி.வி.சி. தானா என்பதையும் கவனிக்க வேண்டும், சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும்.

பங்குனி வெயில் ஏறி ஹீட்டரை நிறுத்தும்போது வடித்து வைப்பது நல்லது. மாதக்கணக்கில் தேங்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியா வளரலாம். மறுபடி தொடங்கும்போது முதல் தொட்டித் தண்ணீரை நன்றாகச் சூடாக்கிக் கீழே விட்டுவிடலாம்.

யார் பொறுப்பு?

வாங்குகிறவர் ஸ்டார் குறியைப் பார்க்கிறார். அது சூடான தண்ணீர் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதற்கான மதிப்பெண். ஊர்த் தண்ணீரை அந்த ஹீட்டர் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் விற்கும் கடைக்காரரும் மாட்டும் பிளம்பரும். ‘வருஷா வருஷம் வடிக்கணும், வால்வை அடைக்கக் கூடாது’ என்ற இரண்டு வரியை ஹீட்டர் பக்கத்திலேயே ஒட்டிவிட்டுப் போக என்ன செலவு?

வாடகை வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ‘ஓனர் பார்த்துக்குவார்’ என்று குடியிருப்பவரும், ‘பயன்படுத்துறவங்க பார்க்கட்டும்’ என்று வீட்டுக்காரரும் விட்டுவிடுகிறார்கள். வெள்ளை அடிப்பது போல இதுவும் வீட்டுக்காரர் செலவில் வருஷம் ஒருமுறை நடக்க வேண்டும். போர்த் தண்ணீரின் கடினத்தன்மையைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்து, உள்ளாட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டால் எந்த வீட்டுக்கு எது தேவை என்று ஊரே தெரிந்துகொள்ளும்.

அதுவரை எரியோட்டு வீடுகளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்றைக்கே நாற்காலி போட்டு ஏறி, ஹீட்டருக்கு அடியில் உள்ள வால்வில் யாராவது மூடி மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது. மாட்டியிருந்தால், அதை எடுத்துச் சரிசெய்யும் வரை சுவிட்ச் போடக் கூடாது.