இறந்தாலும் ஆயிரம் பொன்



யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் வாக்கு. இருப்புப்பாதைக்கு இது பொருந்துமா? இரயில் ஓடும்வரை அதன் மதிப்பை அனைவரும் அறிவர். ஓட்டம் நின்று, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, சல்லிக் கற்களும் வாரிச் செல்லப்பட்ட பின்னர், வெறுமையாய் நீண்டு கிடக்கும் அந்த மண்மேட்டினால் யாருக்கு என்ன பயன்? ஆடு மேய்க்கலாம், வைக்கோற்போர் போடலாம், அண்டை நிலத்துக்காரர் தம் வேலியைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான் என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணைப் பெரிய இழப்புக்கு வழிவிடுகிறது என்பதை இத்திங்கள் சற்றுச் சிந்திப்போம்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் மிதிவண்டி ஓட்டிப் பழகியவர்க்கு மலை என்றாலே ஓர் அச்சம் உண்டு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறவோ 70 வளைவுகள். அங்கெல்லாம் மிதிவண்டியில் ஏறி அமர்வதினும் இறங்கித் தள்ளுவதே மிகுதி. ஆனால் இரயிலுக்கென்று வகுத்த மலைப்பாதை இத்தகையதன்று. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதரையில் பெரும்பாரத்தை எளிதாய் இழுக்கத் துணைசெய்யும் அதே வழவழப்பு, ஏற்றத்தில் சக்கரத்தை வழுக்கச் செய்கிறது. எனவே 100 அடி சென்று ஓர் அடி ஏறுவதுதான் இரயிலுக்கு வசதியான ஏற்றம். 40 அடிக்கு ஓர் அடி என்பதே கடும் ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் நீலகிரி இரயில் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறதே எனில், தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைத் தன் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டே அது ஏறுகிறது.

ஆகவே இருப்புப்பாதை வகுத்த பொறியாளர் மலையோடு மல்லுக்கு நிற்கவில்லை. அதன் இடுப்பைச் சுற்றி வளைந்து, பள்ளத்தில் பாலம் கட்டி, தேவையான இடத்தில் மட்டும் குடைந்து, மெல்ல மெல்ல ஏறினர். இரயில் போன பின்பும் அந்த மென்மையான ஏற்றம் அங்கேயே இருக்கிறது. அதன்மீது மிதிவண்டிக்கென ஒரு வழி அமைத்துவிட்டால், இளைஞர் மட்டுமன்றி முதியவரும் சிறுவரும் மலையழகைக் கண்டு மகிழ்ந்தவாறே மூச்சு வாங்காமல் ஏறலாம்.

இது வெறுங்கற்பனை அன்று. நியூசிலாந்தின் தென்தீவில் ஒட்டாகோ பகுதியில் ஓர் இருப்புப்பாதை 1990ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதே தடம் 2000ஆம் ஆண்டு 152 கிலோமீட்டர் நீளமுள்ள மிதிவண்டி வழியாகத் திறக்கப்பட்டது. இரயிலை இழந்து களையிழந்திருந்த சிற்றூர்களில் இன்று பயணியர் தங்குகின்றனர், உண்கின்றனர், அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அமெரிக்காவில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களின் எல்லை மலையில், 1980இல் கைவிடப்பட்ட ஒரு தடம் 1998 முதல் மிதிவண்டி வழியாய் விளங்குகிறது. அதிலுள்ள சுரங்கங்களுள் ஒன்று மட்டும் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. கையில் விளக்கின்றி அதனுள் செல்ல இயலாது. ஸ்பெயின் நாடு 1993இல் தொடங்கிய ‘பசுமை வழிகள்’ திட்டத்தின் கீழ், பழைய இருப்புப்பாதைகளில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் இத்தகைய வழிகள் உருவாகியுள்ளன.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று வினவுவோர்க்கு, போடிக்கு மேலே நிற்கும் மலையையே காட்டலாம்.

மூணாற்றின் கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலையைக் கீழே கொணர்வதற்கென 1902ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. வண்டியின் பாரம் முழுதும் அநேகமாய் அந்த ஒரே தண்டவாளத்தில் தங்கும். சாயாமல் தாங்குவதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வரும். இழுப்பவையோ நம் ஊர்க் காளைகளைப் போன்ற காளைகள்! 1908இல் இது நீக்கப்பட்டு, இரண்டடி அகலமுள்ள சிற்றிரயில் பாதை இடப்பட்டது. மூணாற்றில் புறப்பட்ட அவ்வண்டி மாட்டுப்பட்டி, குண்டளை வழியாய் மலையின் கிழக்கு விளிம்புக்கு வந்து சேரும். அதுவே ‘டாப் ஸ்டேஷன்’. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வே எனப்படும் கம்பிவடத்தில் தொங்கியவாறு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பின்னர் போடி வழியாய்ச் சமவெளிக்குச் செல்லும்.

1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெருமழை கொட்டியது. மலையாள ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் மலையாள நாட்டு மக்கள் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே இன்றும் வழங்குகின்றனர். மலைகள் சரிந்தன, பாலங்கள் பெயர்ந்தன, சிற்றிரயில் அழிந்தது. மீண்டும் அது இடப்படவேயில்லை. எனினும் தடம் அழியவில்லை. அதனைப் பெரும்பாலும் தழுவியே பிற்காலத்தில் சாலை போடப்பட்டது. மூணாற்றின் பழைய இரயில் நிலையக் கட்டடம் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாயிற்று. இரயிலே வாராத ஓர் உச்சிக்கு ‘ஸ்டேஷன்’ என்ற பெயர் மட்டும் ஒரு நூற்றாண்டாய் நிலைத்து நிற்கிறது.

சென்ற தைத் திங்களில் பங்கு இளைஞர் எழுவருடன் நாம் அவ்வழியே மிதிவண்டியில் சென்றோம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர் இருக்கும். வாடகைக்கு எடுத்த கியர் வண்டிகள். ஐம்பதைக் கடந்த நம் முழங்கால்கள் இடையில் முறையிடும் என்று அஞ்சியிருந்தோம். அவை அவ்வளவாய் முறையிடவில்லை. கொல்லிமலையில் வண்டியைத் தள்ளித் தள்ளிச் சலித்திருந்த இளைஞர் ஒருவர், “சாமி, இது மலைதானா?” என்று வியந்தார். ஒருபுறம் வாரிவிட்டாற்போன்ற தேயிலைச் சரிவு. மறுபுறம் மாட்டுப்பட்டி நீர்த்தேக்கம். அதன்பின் யூக்கலிப்டஸ் மணம். எல்லப்பட்டி கடந்தால் முகில் காலடியில் நிற்கிறது. இறுதியில் மலை திடீரென்று முடிந்து, தேனிச் சமவெளி கீழே விரிகிறது. அங்குள்ள சரிவுகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி மலரும். 2018இல் மலர்ந்தது, இனி 2030இல் மலர வேண்டும்.

குண்டளைக்கு அருகில் தேநீர்க் கடையொன்றில் இளைப்பாறியபோது, தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். “எங்க தாத்தா போடியிலருந்து நடந்தே ஏறி வந்தாரு, சாமி. ரயிலு பாதைக்கு மண்ணு சுமந்தாரு. எங்க அப்பா அதே வழியில ரோட்டுக்குக் கல்லு ஒடைச்சாரு. நான் முப்பது வருஷம் அதே ரோட்டு வழியா கொழுந்து சுமந்தேன்” என்றார். சிறிது நேரம் கழித்து, “நீங்கதான் சும்மா சுத்திப் பாக்க வந்திருக்கீங்க” என்று சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆயினும் அதன்பின் மிதித்த தொலைவெல்லாம், நமக்கு எளிதாய் இருந்த அந்த ஏற்றம் யாருடைய தோளின்மேல் அமைந்தது என்ற எண்ணம் நம்மைவிட்டு அகலவில்லை. அம்மலைகளை வளப்படுத்திய தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழைகளே. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டபோதும், மாண்டவர் அவர்தம் வழித்தோன்றல்களே. அம்மலைக்குச் செல்ல விரும்பும் இளைஞர் மழைக்காலத்தைத் தவிர்த்தல் வேண்டும். அது தனி மிதிவண்டி வழியன்று. மோட்டார் வண்டிகள் செல்லும் சாலை. ஆதலால் சுற்றுலா வண்டிகள் பெருகுமுன் விடியற்காலையிலேயே புறப்படுவதும் நலம்.

மூணாற்றின் தடம் பிழைத்தது. நம் வீட்டு வாயிலில் இருந்த தடம் என்னவாயிற்று?

தருமபுரி 1965 வரை நம் சேலம் மாவட்டத்தின் பகுதியே. பஞ்சத்தால் பலமுறை வாடிய அப்பகுதிக்குத் தானியம் விரைந்து சேர வேண்டுமென்ற நோக்கில், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலச் சிற்றிரயில் பாதை ஒன்று 1906இல் திறக்கப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் வந்தது. இரும்புக்குத் தேவை மிகுந்தது. 1941இல் பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பின்னாளில் சேலத்திலிருந்து தருமபுரி வழியாய்ப் பெங்களூருக்குப் பாதை வந்தது. ஆனால் மொரப்பூர்–தருமபுரித் துண்டு திரும்பவில்லை. சென்னை செல்லும் இரயிலைப் பிடிக்கத் தருமபுரி மக்கள் மொரப்பூருக்குப் பேருந்தில் வரும் நிலையே நீடித்தது. பல்லாண்டு மன்றாடலுக்குப் பின் 2019இல் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் பழைய தடத்தின்மேல் வீடுகள் எழுந்துவிட்டன. அங்குக் குடியிருப்போரை எழுப்புவதா? அவர்களும் குடும்பத்தினர் அல்லரோ? ஆகவே அவ்விடங்களில் வழியை மாற்றி வகுக்க வேண்டியதாயிற்று.

இதனோடு மதுரை–போடிப் பாதையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1928இல் திறக்கப்பட்ட அதன் தண்டவாளங்களும் அதே போரின்போது பெயர்க்கப்பட்டன. ஆனால் தடம் காக்கப்பட்டது. 1950களில் தண்டவாளம் மீண்டும் இடப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010இன் முடிவில் மறுபடியும் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடந்தது. அப்போதும் தடம் தடமாகவே இருந்தது. 2023 ஜூன் முதல் போடிக்கு இரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்து புறப்படும் வண்டி வாரத்தில் சில நாட்கள் நம் சேலம், நாமக்கல் வழியாகவே அங்குச் செல்கிறது. ஒரே போரில் தண்டவாளம் இழந்தவை இரண்டு பாதைகள். இருமுறை உயிர்த்தது ஒன்று. எட்டு பத்தாண்டுகளாய்க் காத்துக் கிடந்தது மற்றொன்று.

இந்த உண்மையை உணர்ந்தே அமெரிக்க நாடு 1983இல் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. இரயில் நின்றுபோன தடத்தைத் துண்டு துண்டாய்ச் சிதறவிடாமல், நடப்போர்க்கும் மிதிவண்டிக்கும் உரிய வழியாய் வைத்துக் காக்கலாம். பின்னொரு நாள் இரயில் வேண்டியிருப்பின் அதே தடத்தில் திரும்பவும் தண்டவாளம் இடலாம் என்பது அதன் சாரம். விதைநெல்லைக் குதிரில் இட்டுக் காப்பதுபோல, வழியைக் காக்கும் ஏற்பாடு இது. காவல்காரன் வைத்துக் காப்பதைவிட, நாள்தோறும் மக்கள் நடந்து காக்கும் வழியே பத்திரமானது. ஆள் நடமாட்டமுள்ள பாதையில் யாரும் துணிந்து வேலி போடார்.

வாசகர்களே, இது இருப்புப்பாதைக்கு மட்டும் உரிய செய்தியா? பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையின்றி மிதிவண்டி தருகிறது. அதனை எங்கே ஓட்டுவது? லாரித் தொழிலுக்குப் பேர்போன நம் நாமக்கல் வட்டாரத்தில், நான்குவழிச் சாலையின் ஓரமாய் மகள் மிதிவண்டியில் சென்று திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மாரை நாம் அறிவோம். அம்மா அஞ்சுகிறாள் என்பதற்காகவே திண்ணையில் துருப்பிடிக்கும் மிதிவண்டிகளையும் வீடு மந்திரிக்கச் செல்கையில் கண்டிருக்கிறோம். முன்பெல்லாம் ஊருக்கு ஊர் இட்டேரி இருந்தது; வண்டித்தடம் இருந்தது; வாய்க்கால் கரை இருந்தது. பிள்ளைகள் பெருஞ்சாலையை மிதியாமலே பள்ளி சேர்ந்தனர். இரண்டு பக்கத்து வேலிகளும் ஆண்டுக்கு ஒரு முழம் நகர்ந்து, இட்டேரி இன்று ஒற்றையடிப் பாதையாயிற்று. சில இடங்களில் அதுவும் இல்லை. ஒரு முழம் நிலத்தால் எந்தக் குடும்பமும் செல்வம் பெற்றதில்லை. ஆனால் அந்த முழங்கள் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகள் அனைவருடைய வழியையும் விழுங்கிவிட்டன. பிறன் பொருளைத் தீண்டுவது பாவம் என்று அறிந்த நாம், எல்லோருக்கும் உரிய பொருளைத் தீண்டுவதை மட்டும் ‘சாமர்த்தியம்’ என்பது எங்ஙனம்?

அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு நம் குடும்பத்தலைவரும் தலைவியரும் தவறாமல் செல்வீர்களாக. தெரு விளக்கையும் குடிநீரையும் கேட்கும்போதே, பள்ளிக்குச் செல்லும் பழைய தடங்கள் எவை, அவற்றை அளந்து கல் நாட்டியாயிற்றா என்றும் கேளுங்கள். கேட்பதற்கு முன்னதாக, நம் வேலி எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் இட்டேரியில் ஒருமுறை நடந்து வாருங்கள். முள் மண்டியிருந்தால் அண்டை வீட்டாரையும் கூட்டி வெட்டி அகற்றுங்கள். பிள்ளைகள் மிதிவண்டியில் அவ்வழியே நாள்தோறும் போய் வரட்டும். அதைவிட உறுதியான எல்லைக்கல் வேறில்லை.