எந்த ஆளுங்க?

2024 அக்டோபர் கடைசியில் 'அமரன்' வந்தது. அமிர்தியிலிருந்து வேலூருக்கு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோம். மேஜர் முகுந்த் வரதராஜன் சாகும்போது எங்க சேரிப் பையன்களும் அழுதார்கள். 'இவரு எந்த ஆளுங்க?' என்று ஒருத்தனும் கேட்கலை. வெளியில்தான் சத்தம்: அவர் பார்ப்பனர் என்பதைப் படம் மறைத்துவிட்டதாம். தன்னை இந்தியன், தமிழன் என்றே அவர் சொல்லிக்கொள்வார் என்று பெற்றோரே சொன்னதாக இயக்குநர் விளக்கியும் அடங்கலை.

சாதியோடுதான் காட்டணுமா? காட்டுங்கய்யா. வடக்கே தோல் தொழிலைச் சொல்லி ஒதுக்கப்பட்ட மக்களை வைத்து 1943இல் வெள்ளைக்காரன் சமார் ரெஜிமெண்ட் அமைத்தான். கொஹிமாவில் ஜப்பான்காரனோடு மோதவிட்டான். 1946இல் கலைத்தான். அதைப் படமாக எடுங்க. அமெரிக்கக் கறுப்பு விமானிகளின் கதையான 'ரெட் டெயில்ஸ்' (2012) படத்துக்கே ஸ்டுடியோக்கள் கைவிரிக்க, ஜார்ஜ் லூகாஸ் சொந்தக் காசைப் போட்டார். நம்ம சிப்பாய்க்கு எவன் போடுவான்? போட்டாலும் இதே கூட்டம் கேட்கும்: 'ராணுவத்துல எதுக்குங்க சாதி?'