நோயாளியின் முதற்கேள்வி

1962-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில், தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் இரு சஸ்திர வைத்தியர்கள் முதன்முதலாக ஒரு பெண்மணிக்குச் சிலிகோன் மார்பக இம்பிளாண்ட் பொருத்தினார்கள். அந்த அம்மையார் ஆஸ்பத்திரிக்கு வந்த காரியம் மார்பிலிருந்த பச்சையை அகற்றிக்கொள்வதே என்பதும், வைத்தியர்கள் இந்தப் பிரஸ்தாபத்தை எடுத்தபோது, காதுகளைச் சீர்செய்துகொள்வதே தமக்கு விருப்பம் என்று அவர் சொன்னார் என்பதும் நம் துறையின் சரித்திரத்தில் வேடிக்கையாகப் பேசப்படும் சங்கதிகள். இன்றோ பிரஸ்தாபத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு நோயாளிகள் வருகிறார்கள்.

“இது ஆயுசுக்கும் இருக்குமா டாக்டர்?” என்பதுதான் பெரும்பாலும் முதற்கேள்வி. ‘இருக்கும்’ என்று சமாதானம் சொல்லி அனுப்புவதும், ‘பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே தீரவேண்டும்’ என்று தவணை குறிப்பதும் ஒருங்கே பிழை என்பது என் அபிப்பிராயம். ஆயுள் முழுதும் நிலைப்பதென்று எந்த இம்பிளாண்டையும் சொல்வதற்கில்லை; ஆனால் அது கிழியாமலும், சுற்றிப் படரும் உறை இறுகி மார்பகத்தை உருக்குலைக்காமலும் இருக்கும்வரை, வருஷக் கணக்கை மட்டும் காட்டி அதை எடுக்கவும் வேண்டியதில்லை. சிலிகோன் ஜெல் நிரம்பிய பை கிழிந்தாலும் வெளியில் யாதொரு அடையாளமும் தெரியாதிருப்பது சகஜமாகையால், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு முறையும், பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்துகொள்ளுமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூறுகிறது. இந்தப் பரிசோதனைகளுக்கும், பிற்காலத்தில் நேரக்கூடிய மறு ஆபரேஷனுக்கும் ஆகும் செலவை முதல் ஆபரேஷனுக்குப் பேசும் தொகையோடு சேர்த்தே சொல்லிவிடுவதில் நமக்கு ஏன் இத்தனை தயக்கமோ தெரியவில்லை.

“கேன்சர் வருமா?” என்று கேட்பவருக்கு, சாதாரண மார்பகப் புற்றுநோய் இதனால் அதிகரிப்பதாகத் தெரியவில்லை என்று தைரியம் சொல்லலாம்; ஆனால் அதோடு நிறுத்துவது பாதி உண்மைதான். உறையில் தோன்றும் அபூர்வமான லிம்ஃபோமா ஒன்றுண்டு என்பதும், சொரசொரப்பான மேற்பரப்புடைய இம்பிளாண்டுகளோடு அது பெரும்பாலும் தொடர்புடையது என்பதும் அறிந்த விஷயம். அதன் பொருட்டே 2019-இல் அலர்கன் கம்பெனியின் பயோசெல் வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஆபரேஷன் முடிந்து பல வருஷங்களுக்குப்பின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் தாமதியாமல் வரவேண்டும் என்பதை வாயால் சொல்வதோடு விடாமல் எழுதியும் கொடுப்பது உத்தமம்.

தாய்ப்பாலைப் பற்றிய கேள்விக்கு விஸ்தாரமான பதில் தேவையில்லை: பலரால் கொடுக்க முடியும்; ஆனால் முலைக்காம்பைச் சுற்றிய கீறலில் பால் குறையும் அபாயம் கூடுதல்.

அசதி, மூட்டுவலி, ஞாபகமறதி என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை மனப்பிரமை என்று ஒதுக்குவது நம்மிற் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. இணைப்புத்திசு நோய்களோடு சம்பந்தம் நிரூபணமாகவில்லை என்று 1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை கூறியது மெய்யே. எனினும் இத்தகைய உபாதைகள் 2021-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்பிளாண்டுகளுக்கு விதித்த கட்டமிட்ட எச்சரிக்கையிலேயே இடம்பெற்றுவிட்ட பிறகு, இம்பிளாண்டை எடுத்ததும் சுகம் கண்டதாகச் சிலர் சொல்லும்போது காதுகொடுத்துக் கேட்பதே நியாயம்.

கேட்க வேண்டியதாயிருந்தும் அநேகர் கேட்காத கேள்வி ஒன்றுண்டு: தம் உடம்பில் இருப்பது எந்தக் கம்பெனியின் எந்த வகை என்பது. பிரான்ஸில் பி.ஐ.பி. கம்பெனி மட்டரகச் சிலிகோனை நிரப்பி விற்ற மோசடி 2010-இல் வெளிப்பட்டபோது, இந்த விவரம் எத்தனை அவசியமென்பது உலகுக்கே விளங்கிற்று. பெட்டியோடு வரும் ஸ்டிக்கர்களில் ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டும்போதே, மற்றொன்றை டிஸ்சார்ஜ் அன்று நோயாளியிடம் கொடுக்கும் அட்டையிலும் ஒட்டிவிடலாம். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.