பள்ளிக்குப் பணம், பதிலுக்குச் சட்ட மாற்றம்: அமெரிக்கா படித்த பாடம் என்ன?

2010 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 40 கோடி டாலரைக் கோட்டை விட்டது. காரணம், விண்ணப்பத்தில் இருந்த ஒரே ஒரு தப்பான பதில்.

கேள்வி ரொம்ப சாதாரணமானது. 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மாநில வருவாயில் கல்விக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நியூ ஜெர்சி அதிகாரிகள் வேறு ஆண்டுகளின் கணக்கை எழுதிவிட்டார்கள். 500 மதிப்பெண்ணில் 4.8 போச்சு. கடைசியாகத் தேர்வான ஒஹாயோவுக்கும் நியூ ஜெர்சிக்கும் இருந்த இடைவெளி வெறும் 3 மதிப்பெண். அடுத்த சில நாட்களில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, மாநிலக் கல்வி ஆணையர் பிரெட் ஷண்ட்லரைப் பதவி நீக்கம் செய்தார்.

ஒரு மாநிலத்துப் பிள்ளைகளின் பள்ளிப் பணத்தை, பரீட்சைப் பேப்பர் மாதிரி மார்க் போட்டு முடிவு செய்யலாமா? 'நாங்கள் சொல்கிற சீர்திருத்தத்தைச் செய்தால்தான் நிதி' என்று மத்தியில் இருப்பவர்கள் மாநிலங்களிடம் சொல்லலாமா? தமிழ்நாட்டில் இப்போது சூடாக ஓடும் இதே விவாதத்தை அமெரிக்கா பல வருடங்கள் நடத்தி முடித்திருக்கிறது. அங்கே கிடைத்த விடை இங்கேயும் பயன்படும்.

அங்கே பள்ளிக்கூடம் யார் கையில்?

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் 'கல்வி' என்ற சொல்லே கிடையாது. மத்திய அரசுக்குத் தரப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது அதன் 10-வது திருத்தம். அதனால் பள்ளிகளை மாநிலங்களும் உள்ளூர் கல்வி மாவட்டங்களும்தான் நடத்துகின்றன. செலவில் பெரும்பகுதி மாநில வரியிலிருந்தும் உள்ளூர் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. வாஷிங்டனின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இந்தப் பங்கு பெரிய அளவில் தொடங்கியது 1965-ல். அதிபர் லிண்டன் ஜான்சன், தான் சின்ன வயதில் படித்த டெக்சாஸ் பள்ளியில் உட்கார்ந்து தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் தருவதுதான் அதன் மையம்.

அப்போதும் ஒரு நிபந்தனை இருந்தது. 1964-ம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டப்படி, நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் பள்ளிக்கு மத்திய நிதி கிடையாது. பள்ளிகளில் நிறப் பாகுபாடு சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லியிருந்தது. ஆனால் பத்து வருடம் கழித்தும் தென் மாநிலங்களில் பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் தனிப் பள்ளிகளில்தான் படித்தார்கள். பணம் நின்றுவிடும் என்ற பயமும் நீதிமன்ற உத்தரவுகளும் சேர்ந்த பிறகுதான் கதவுகள் திறந்தன.

ஆக, நிபந்தனை என்றாலே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. எந்த நிபந்தனை என்பதுதான் கேள்வி.

அடுத்து வந்த நிபந்தனைகள்

2002-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் ஆட்டத்தை மாற்றியது. நிதி வேண்டுமென்றால் 3 முதல் 8-ம் வகுப்பு வரை ஒவ்வொரு ஆண்டும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்த வேண்டும். 2014-க்குள் எல்லா மாணவர்களும், அதாவது நூற்றுக்கு நூறு பேரும், தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும். எட்டாத பள்ளிகள் மீது படிப்படியாக நடவடிக்கை. இலக்கு கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் எந்த ஊரிலும், எந்த நாட்டிலும் நடக்காத ஒன்று அது.

2009-ல் பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. மாநிலங்கள் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திணறின. அந்த நேரத்தில் ஒபாமா அரசும் கல்வி அமைச்சர் ஆர்னி டங்கனும் கொண்டுவந்ததுதான் 'ரேஸ் டு த டாப்'. மொத்தம் 435 கோடி டாலர். ஆனால் எல்லோருக்கும் பங்கு கிடையாது. போட்டி போட்டு ஜெயிக்கிற மாநிலத்துக்குத்தான்.

மார்க் போட்ட விதத்தைப் பாருங்கள். மொத்தம் 500. ஆசிரியர், தலைமையாசிரியர் திறன் தொடர்பான மாற்றங்களுக்கு 138. பாடத் தரநிலை, தேர்வு முறைக்கு 70. அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கும் சார்ட்டர் பள்ளிகள் உள்ளிட்டவற்றுக்கு வழிவிட்டால் 40. மாணவர் மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடு இணைக்கச் சட்டத் தடை இருக்கிற மாநிலம் விண்ணப்பிக்கவே முடியாது.

விளைவு? பணம் கைக்கு வரும் முன்பே சட்டங்கள் மாறின. கலிஃபோர்னியா அந்தத் தடையை 2009-லேயே நீக்கியது. ஆசிரியர் மதிப்பீட்டில் 50 சதவீதம் மாணவர் செயல்பாட்டை வைத்து என்று டென்னசி சட்டம் போட்டது. 'காமன் கோர்' பொதுப் பாடத் தரநிலையின் இறுதி வடிவம் 2010 ஜூனில் வெளியானது. முழு மதிப்பெண் வேண்டுமானால் ஆகஸ்ட் 2-க்குள் அதை ஏற்க வேண்டும். இரண்டே மாதம்! ஒரு தலைமுறைக்கான பாடத் தரநிலையைப் பல மாநிலங்கள் இந்த வேகத்தில்தான் ஏற்றன.

முதல் சுற்றில் 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் விண்ணப்பித்தன. ஜெயித்தவை இரண்டே இரண்டு. டென்னசிக்கு 50 கோடி டாலர், டெலவேருக்குச் சுமார் 12 கோடி டாலர். 'எங்கள் பள்ளியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று டெக்சாஸ் போட்டிக்கே போகவில்லை. தோற்ற மாநிலங்களுக்குப் பணம் வரவில்லை. ஆனால் பணத்துக்காக மாற்றிய சட்டங்கள் அப்படியே இருந்தன.

சரி, பலன் கிடைத்ததா?

சட்டங்களை மாற்ற வைப்பதுதான் நோக்கம் என்றால், திட்டம் பெரிய வெற்றி. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹோவெல் செய்த ஆய்வில், போட்டியில் தோற்ற மாநிலங்களும், கலந்துகொள்ளாத மாநிலங்களும்கூட முன்பைவிட மிக வேகமாகக் கல்விச் சட்டங்களை மாற்றியது தெரிந்தது.

ஆனால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்களா? இங்கேதான் பதில் குழம்புகிறது. டென்னசியும் தலைநகர் வாஷிங்டனும் 2013 தேசியத் தேர்வில் நல்ல முன்னேற்றம் காட்டின. ஆதரவாளர்கள் இன்றும் சுட்டுவது இதைத்தான். அதே நேரம், 2016-ல் அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு வெளியிட்ட மதிப்பீடு, திட்டத்துக்கும் மாணவர் முன்னேற்றத்துக்கும் இடையே தெளிவான தொடர்பைக் காட்ட முடியவில்லை என்றது. ஆசிரியர் மதிப்பீட்டுச் சீர்திருத்தங்களால் தேசிய அளவில் மாணவர் கற்றலில் மாற்றம் தெரியவில்லை என்று 2021-ல் வெளியான இன்னொரு ஆய்வும் சொன்னது.

நடைமுறையில் வந்த கோளாறு இன்னும் விசித்திரம். ஓவிய ஆசிரியருக்கும் இசை ஆசிரியருக்கும் பொதுத்தேர்வு கிடையாது. அப்புறம் எப்படி மதிப்பெண் போடுவது? டென்னசி, புளோரிடா போன்ற இடங்களில் பள்ளியின் ஒட்டுமொத்தத் தேர்வு முடிவை அவர்கள் தலையில் கட்டினார்கள். தான் பாடமே நடத்தாத பிள்ளையின் கணக்கு மார்க்குக்கு ஓவிய ஆசிரியர் பொறுப்பு! வழக்குகள் வராமல் என்ன செய்யும்?

தண்டனை யாருக்கு?

நூற்றுக்கு நூறு தேர்ச்சி நடக்காது என்று தெரிந்ததும், 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு தரப்பட்டது. அதற்கும் நிபந்தனை உண்டு: ஆசிரியர் மதிப்பீட்டை மாற்ற வேண்டும். வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் மறுத்தது. 2014 ஏப்ரலில் விலக்கு ரத்தானது.

பணம் முழுசா நிற்கவில்லை. ஆனால் ஏழைக் குழந்தைகளுக்கான நிதியில் சுமார் 4 கோடி டாலரைத் தேவைக்கேற்பச் செலவிடும் உரிமை பள்ளிகளுக்குப் போனது. மாநிலத்தின் பெரும்பாலான பள்ளிகள் 'எங்கள் பள்ளி இலக்கை எட்டவில்லை' என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. முடிவெடுத்தது சட்டமன்றம். கடிதம் வந்தது பெற்றோர் வீட்டுக்கு.

நீதிமன்றம் போட்ட கோடு

நிபந்தனை போடலாம், ஆனால் கழுத்தை நெரிக்கக் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாட்டைச் சுருக்கினால் இவ்வளவுதான். மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதம் வரை பிடித்தம் செய்வது செல்லும் என்று 1987-ல் தீர்ப்பு வந்தது. 2012-ல் வேறு தீர்ப்பு. மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலத்துக்கு, ஏற்கெனவே கிடைத்துவரும் நிதி முழுவதையும் நிறுத்துவோம் என்று மிரட்டுவது செல்லாது என்றது அதே நீதிமன்றம். புதிய பணத்துக்குப் புதிய நிபந்தனை போடலாம். பழைய பணத்தைப் பிணை வைக்கக் கூடாது.

கடைசியில் அரசியலும் அங்கேயே வந்து நின்றது. 2015 டிசம்பரில் இரு கட்சி ஆதரவோடு புதிய கல்விச் சட்டம் நிறைவேறியது. செனட்டில் 85 பேர் ஆதரவு, 12 பேர் எதிர்ப்பு. வருடாந்திரத் தேர்வு தொடரும். ஆனால் குறிப்பிட்ட பாடத் தரநிலையையோ ஆசிரியர் மதிப்பீட்டு முறையையோ மாநிலங்கள் மேல் திணிக்க மத்தியக் கல்வி அமைச்சருக்கு அதிகாரம் இல்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் கல்வி, 1976-ல் 42-வது திருத்தம் மூலம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. அதனால் மத்திய அரசுக்குக் கல்வியில் சட்டப்படியே இடம் உண்டு. அமெரிக்காவோடு ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

சமக்ர சிக்ஷா 2018-ல் தொடங்கிய திட்டம். பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. 2022-ல் அறிவிக்கப்பட்ட பி.எம். ஸ்ரீ, 14,500 பள்ளிகளுக்கான தனித் திட்டம். அதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுமையாக நடைமுறைப்படுத்துவோம் என்ற வாசகம் உண்டு. தமிழ்நாடு அந்த வாசகத்தை ஏற்கவில்லை. 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றது. தமிழ்நாடு முதலில் கையெழுத்திடச் சம்மதித்துக் கடிதம் எழுதியது என்பது மத்திய அரசின் வாதம். அந்த வாசகத்தை எடுத்தால்தான் கையெழுத்து என்பது மாநிலத்தின் வாதம். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இடையில் நடந்தது என்ன? கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 சதவீத இடங்களுக்கு, வழக்கமாகக் கோடையில் நடக்கும் சேர்க்கை 2025-ல் நடக்கவில்லை. அந்த நிதியைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் சொன்னது. சேர்க்கை நடைமுறை தொடங்க அக்டோபர் ஆனது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது.

எது நியாயமான நிபந்தனை?

அமெரிக்க அனுபவம் மூன்று கேள்விகளைத் தருகிறது.

ஒன்று, நிபந்தனை குழந்தையின் உரிமையைக் காக்கிறதா, அல்லது ஓர் அரசின் கொள்கையை நடத்தி வைக்கிறதா? 1964-ம் ஆண்டு நிபந்தனை முதல் வகை. பள்ளியில் சாதி பார்க்காதே, மாற்றுத்திறன் குழந்தையைச் சேர்த்துக்கொள், செலவுக்குக் கணக்குக் காட்டு என்று மத்திய அரசு சொன்னால் எந்த மாநிலமும் தட்டிக்கழிக்கக் கூடாது. எத்தனை மொழி, எந்தப் பாடத்திட்டம், எந்த மதிப்பீட்டு முறை என்பவை வேறு வகை.

இரண்டு, பணத்துக்கும் நிபந்தனைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா? பி.எம். ஸ்ரீ வேண்டாம் என்கிற மாநிலத்துக்கு பி.எம். ஸ்ரீ பணம் இல்லை என்பது நியாயம். அதற்காக, பல வருடமாக வரும் சமக்ர சிக்ஷா பணத்தை நிறுத்துவது நியாயமில்லை.

மூன்று, மறுத்தால் அடி யாருக்கு விழுகிறது? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் மறுப்பதும் அரசுகள். அந்த நிதியை நம்பிக் காத்திருப்பது சிறப்புக் குழந்தைக்கான பயிற்றுநரும், தொகுப்பூதிய ஆசிரியரும், சேர்க்கைக்கு வரிசையில் நின்ற பெற்றோரும்.

மாநிலத்துக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. 'எங்கள் வழி எங்களுக்கு' என்று சொல்லும் அரசு, அந்த வழியில் பிள்ளைகள் உண்மையில் கற்கிறார்களா என்பதை வெளிப்படையாக அளந்து காட்ட வேண்டும். அமெரிக்காவின் 2015-ம் ஆண்டுச் சட்டமும் தேர்வையும் புள்ளிவிவரத்தையும் கைவிடவில்லை. முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் மாநிலத்திடம் திருப்பிக் கொடுத்தது.

மத்திய, மாநில அரசுகள் கொள்கைக்காக நீதிமன்றத்தில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் வாதாடலாம். ஒண்ணாம் வகுப்பில் சேர வேண்டிய குழந்தைக்கு அந்த வருடம் திரும்பி வராது. வழக்கு முடியும் வரை நிதியை நிறுத்தாமல் விடுவதுதான் இரண்டு தரப்பும் இப்போது செய்யக்கூடிய குறைந்தபட்சக் காரியம்.